வாட்ஸ்அப் விலைப்பட்டியலில் எண்கள் வரிசை கலையாமல் நிற்க ஒரு வழிகாட்டி

கம்பத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறேன். விடிவதற்குள் அன்றைய விலை மலைமேல் கேரளப் பக்கம் உள்ள குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, கட்டப்பனை, நெடுங்கண்டம் வரை போய்ச் சேர வேண்டும். அங்கே கடை வைத்திருப்பவர்களில் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. அவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்தக் காய் எத்தனை மூட்டை என்று சொல்லி, கம்பத்திலிருந்து மேலேறும் வண்டியில் சரக்கு ஏற்றச் சொல்வார்கள்.

என் திரையில் பத்தி பத்தியாக அழகாக நிற்கும் பட்டியல், அவர்கள் போனில் திறக்கும்போது கலைந்து கிடக்கும். இன்றைய விலை நேற்றைய விலைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். "அண்ணே, மல்லி நூத்திருபதா, நூத்திப்பத்தா?" என்று அடுத்தடுத்து போன் வரும். லோடு ஏற்றும் நேரத்தில் அந்தப் போன்களை எடுத்துப் பதில் சொல்வது எவ்வளவு சிரமம் என்று மண்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதைச் சரிசெய்யத் தமிழில் எங்கேயும் தெளிவாக எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை. அதனால் செய்து பார்த்து நிலைத்ததை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். காய்கறி விலை என்றில்லை, பஸ் நேரம், பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கூலி விவரம் என எதைப் பத்தி பிரித்து அனுப்பினாலும் இதே முறைதான்.

1. ஏன் கலைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

போனில் சாதாரணமாக வரும் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். 'ட' ஒடுக்கமானது, 'ண' அகலமானது. நாம் தட்டும் வெற்றிடம் எல்லாவற்றையும்விட ஒடுக்கம். அதனால் "இங்கே நான்கு இடைவெளி, அங்கே ஆறு" என்று நம் கண்ணளவில் தட்டிச் சரிசெய்தது நம் போனுக்கு மட்டும்தான் சரி. எதிரில் இருப்பவர் போன் வேறு கம்பெனி, வேறு எழுத்துரு, பெரிய எழுத்து வைத்திருப்பார் என்றால் எல்லாம் நகர்ந்துவிடும்.

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு இருக்கிறது. அதற்கு மோனோஸ்பேஸ் என்று பெயர். வாட்ஸ்அப்பிலேயே அது உண்டு. ஆனால் அது எண்களையும் ஆங்கில எழுத்துகளையும்தான் கட்டுப்படுத்தும். நம் போன்களில் மோனோஸ்பேஸ் போட்டாலும் தமிழ் எழுத்துகள் வழக்கமான அகலத்திலேயே வரும். மலையாளத்துக்கும் இதே கதைதான். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நமக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். மூன்றாவது படியில் இதற்கு வழி சொல்கிறேன்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. காசு கொடுத்து எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். வேண்டியவை இவ்வளவுதான்:

ஒரு போன், அதில் வாட்ஸ்அப். கூகுள் ஷீட்ஸ் அல்லது கணினியில் எக்செல். சோதித்துப் பார்க்க இன்னொருவருடைய போன், முடிந்தால் சின்னத் திரை உள்ளது. அப்புறம் ஒரு பொருள் எண் அட்டை.

இந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலையை அதுதான் செய்கிறது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு இலக்க எண் ஒன்று கொடுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை வகையறா 11 முதல். நீளக் காய்கள் 21 முதல். கிழங்குகள் 31 முதல். கீரையும் இலையும் 41 முதல். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூன்று எண்ணைக் காலியாக விடுங்கள், புதிய சரக்கு வந்தால் நடுவில் சேர்க்கலாம். 1, 2, 3 என்று ஆரம்பிக்காதீர்கள். ஓரிலக்கம் வந்தால் முதல் பத்தியே ஆடிவிடும்.

அட்டையில் எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயர், அதற்கு எதிரே மலையாளப் பெயர். நாம் பூசணி என்று மட்டும் போட்டால் மத்தங்காயா கும்பளங்காயா என்று மேலே கேட்பார்கள். மரவள்ளிக்குக் கப்ப என்று எழுத வேண்டும். மலையாளப் பெயர்களை அங்கேயுள்ள கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு அச்சடியுங்கள். ஒரு பக்கம் போதும், ஜெராக்ஸ் எடுத்துச் சரக்கோடு அனுப்பினால் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். இதற்கு ஆகும் ஜெராக்ஸ் காசுதான் இந்த மொத்த வேலையிலும் கைவிட்டுப் போகும் பணம்.

ஒரு காயை விற்பதை நிறுத்திவிட்டால் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். சுவரில் பழைய அட்டை ஒட்டியிருக்கும் கடை எப்போதும் ஒன்றாவது இருக்கும்.

3. எண்கள் முன்னால், பெயர் கடைசியில்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் பழக்கத்தில் நாம் எல்லோரும் பெயரை முதலில் எழுதி, விலையை அப்புறம் எழுதுகிறோம்:

```
தக்காளி        40   38
கொத்தமல்லி   120  110
வாழையிலை       8    9
```

தமிழ்ப் பெயரின் அகலம் போனுக்குப் போன் மாறும். அதற்குப் பின்னால் வருவது எதுவும் நேராக நிற்காது. எத்தனை இடைவெளி தட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் அதற்குப் பின்னால் கலைய ஒன்றுமே இல்லை:

```
11   40   38  தக்காளி
31   45   45  சேனை
41  120  110  கொத்தமல்லி
44    8    9  வாழையிலை
```

முதல் பத்தி பொருள் எண், அடுத்தது இன்றைய விலை, அடுத்தது நேற்றைய விலை, கடைசியில் பெயர். (இவை மாதிரிக்குப் போட்ட விலைகள்.) பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முன்னால் உள்ள எண்கள் அசையாது. பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு மலையாளப் பெயரையும் சேர்க்கலாம், ஆனால் சின்னத் திரையில் வரி மடங்கிவிடும். சுவரில் அட்டை இருக்கும்போது அது தேவையும் இல்லை.

பெயரை முதலில் வைத்தே தீருவேன், எழுத்தை எண்ணி இடைவெளி போட்டுக்கொள்கிறேன் என்று சிலர் முயல்வார்கள். அதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். 'கொத்தமல்லி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஷீட்டில் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதற்குத் தனித்தனி எழுத்து. 'தக்காளி' நமக்கு நான்கு, அதற்கு 7. 'வெண்டைக்காய்' நமக்கு ஆறு, அதற்கு 12. இந்த எண்ணை வைத்து இடைவெளி போட்டாலும் கலையும், நம் எண்ணிக்கையை வைத்துப் போட்டாலும் கலையும், ஏனென்றால் திரையில் 'லி'க்கும் 'ண்'ணுக்கும் ஒரே அகலம் இல்லை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இதே காரணத்தால், எண் பத்திகளுக்கு மேலே தமிழில் தலைப்பு போடாதீர்கள். 'இன்று', 'நேற்று' என்று மேலே எழுதினால் அவை தம் பத்திக்கு மேல் நிற்காது, பார்ப்பவருக்கு எண்கள்தான் தவறாக நிற்பதுபோலத் தோன்றும். பட்டியலுக்கு முன்னால் தனி வரியில் "எண் – இன்று – நேற்று – பெயர்" என்று ஒருமுறை வரிசையைச் சொல்லிவிட்டால் போதும்.

4. ஒவ்வொரு பத்திக்கும் அகலம் வகுத்துக்கொள்ளுங்கள்

மேலே உள்ள மாதிரியை எண்ணிப் பாருங்கள். பொருள் எண்ணுக்கு 2 இடம், இடைவெளி 2, இன்றைய விலைக்கு 3, இடைவெளி 2, நேற்றைய விலைக்கு 3, இடைவெளி 2. ஆக 14. பெயர் பதினைந்தாவது இடத்தில் தொடங்குகிறது.

எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். ஒன்றுக்கு அடியில் ஒன்று, பத்துக்கு அடியில் பத்து. இடப்பக்கம் ஒட்டி எழுதினால் 8-உம் 120-உம் ஒரே இடத்தில் தொடங்கும், அவசரத்தில் பார்ப்பவர் 8-ஐ எண்பது என்று படித்துவிடுவார்.

அகலத்தை வகுக்கும்போது வருஷத்தில் எப்போதாவது வரக்கூடிய பெரிய விலையை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில் முருங்கையும் மல்லியும் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று இலக்கத்துக்கு மேல் போக வாய்ப்பு இருந்தால் முதலிலேயே 4 இடம் விடுங்கள். பைசா வரும் பட்டியல் என்றால் எல்லா வரியிலும் பைசா போடுங்கள். ஒரு வரியில் 42.50, அடுத்த வரியில் வெறும் 40 என்று எழுதினால் புள்ளிகள் நேராக நிற்காது. 40.00 என்று எழுத வேண்டும். ஆயிரத்துக்கு மேல் போனால் காற்புள்ளியும் ஓர் இடம் எடுக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மொத்த வரி 26 இடத்துக்குள் அடங்குவதுபோலப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் சின்னப் போன்களில் வரி மடங்கும். மடங்கிய பட்டியல் கலைந்த பட்டியலைவிட மோசம், ஏனென்றால் எது எந்தக் காயின் விலை என்றே தெரியாது. வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சரக்கு வராத நாளில் விலை இருக்கும் இடத்தில் 'இல்லை' என்று எழுதாதீர்கள், அது தமிழ்ச் சொல், பத்தியைத் தள்ளிவிடும். 000 போட்டால் இலவசம் என்று பொருளாகும். நான் மூன்று சமக்குறி போடுகிறேன், ===, சரியாக மூன்று இடம். சிறுகோடு போடலாமே என்று தோன்றும். ஐபோன் இரண்டு சிறுகோடு சேர்ந்தால் அதை நீளக் கோடாக மாற்றிவிடும், அகலம் கெட்டுவிடும்.

5. காலி இடத்தை எதனால் நிரப்புவது

மோனோஸ்பேஸ் வேலை செய்யும் இடத்தில் வெற்றிடம் போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது: வெற்றிடத்தை இருமுறை தட்டினால் பல கீபோர்டுகள் தானாக ஒரு முற்றுப்புள்ளி போட்டுவிடும். ' 40' என்று நினைத்துத் தட்டியது '. 40' என்று போய் நிற்கும். ஜிபோர்டில் (கூகுள் கீபோர்டு) செட்டிங்ஸ் போய் டெக்ஸ்ட் கரெக்‌ஷன் பகுதியில் 'டபுள் ஸ்பேஸ் பீரியட்' என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் முற்றுப்புள்ளி ஷார்ட்கட் என்று ஒன்று இருக்கும், அதை அணைக்க வேண்டும். அங்கேயே ஸ்மார்ட் பங்க்சுவேஷனையும் அணைத்துவிட்டால் கோடு, மேற்கோள் தொல்லைகள் தீரும்.

இரண்டாவது: கணினியில் அடிப்பவர்கள் டேப் விசையைத் தட்டி இடம் விடாதீர்கள். டேப் எத்தனை இடம் நகர வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். நோட்பேடில் நேராக இருப்பது வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது தாறுமாறாகும். ஷீட்டிலிருந்து பல பத்திகளைச் சேர்த்து நகலெடுத்தாலும் நடுவே டேப்தான் வரும், எனவே அதையும் அப்படியே ஒட்டாதீர்கள். அதற்கு வழி ஏழாவது படியில்.

வெற்றிடத்துக்குப் பதில் புள்ளி வைத்து நிரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். விலைப்பட்டியலில் இது ஆபத்து. '.40' என்று நின்றால் நாற்பது பைசா. சிறுகோடு வைத்தால் கழித்தல் நாற்பது. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பூஜ்யத்தால் நிரப்புங்கள்: 040, 120, 008. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் மோனோஸ்பேஸ் இல்லாத இடத்திலும் ஓரளவு நேராக நிற்கும், தவறாகப் படிக்க வழியில்லை.

6. மூன்று பேக்டிக்

வாட்ஸ்அப்பில் மோனோஸ்பேஸ் வரவழைக்கப் பட்டியலின் தொடக்கத்தில் மூன்று பேக்டிக், முடிவில் மூன்று பேக்டிக் போட வேண்டும். பேக்டிக் என்பது இடப்பக்கம் சாய்ந்த சின்னக் கோடு, இப்படி: `. மேற்கோள்குறி போல இருக்கும், ஆனால் அது வேறு. மேற்கோள்குறி மூன்று போட்டால் ஒன்றும் நடக்காது.

ஜிபோர்டில் ?123 என்ற விசையைத் தட்டி, அடுத்து =\< என்ற விசையைத் தட்டினால் மேல் வரிசையில் இருக்கும். ஐபோனில் எண் பக்கத்துக்குப் போய் ஒற்றை மேற்கோள்குறியை அழுத்திப் பிடித்தால் வரும் சின்னப் பட்டியலில் அது இருக்கும். கணினியில் இடது மேல் மூலையில், எண் 1-க்கு முன்னால். தமிழ் கீபோர்டில் தேடி அலுத்துப்போனால் ஆங்கிலத்துக்கு மாறி அதை மட்டும் தட்டிவிட்டுத் திரும்புங்கள். கணினியில் தமிழ் தட்டும் முறை சிலவற்றில் அந்த விசைக்கு வேறு வேலை இருக்கும்.

இது கஷ்டமாக இருந்தால் பேக்டிக்கே வேண்டாம். பட்டியலை அடித்து முடித்து, முழுவதையும் தேர்ந்தெடுத்தால் வெட்டு, ஒட்டு வரும் அந்த மெனுவில் மோனோஸ்பேஸ் என்று இருக்கும். ஆண்ட்ராய்டில் அந்த மெனுவின் மூன்று புள்ளியைத் தட்ட வேண்டியிருக்கும். ஐபோனில் ஃபார்மேட் என்பதற்குள் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போட வேண்டாம், மொத்தப் பட்டியலுக்கும் ஒரே ஜோடி போதும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று போனால் எதுவும் மாறாது, அந்தக் குறிகளே எழுத்தாக நிற்கும். உள்ளே தடித்த எழுத்துக்காக நட்சத்திரக் குறி போடாதீர்கள். மோனோஸ்பேஸுக்குள் அது வேலை செய்யாது, நட்சத்திரமாகவே நின்று ஓர் இடத்தைத் தின்றுவிடும். தடித்த எழுத்தில் கடைப்பெயரோ தேதியோ வேண்டுமென்றால் பேக்டிக்குக்கு வெளியே போடுங்கள்.

காய் வகைகளுக்கு நடுவே நீளக் கோடு போட்டுப் பிரிப்பதையும் விட்டுவிடுங்கள். சின்னத் திரையில் அந்தக் கோடு மடங்கி இரண்டு கோடாகும். ஒரு வெற்று வரி விட்டால் போதும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

7. ஷீட்டில் ஒருமுறை செய்துவைத்தால் தினமும் பத்து நிமிடம்

தினமும் கையால் இடைவெளி தட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ஒரு மதியம் ஒதுக்கி கூகுள் ஷீட்டில் இதைச் செய்துவிடுங்கள்.

முதல் நெடுவரிசையில் பொருள் எண், இரண்டாவதில் இன்றைய விலை, மூன்றாவதில் நேற்றைய விலை, நான்காவதில் பெயர். ஐந்தாவதில்தான் எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக வரும். அதற்கு 'டெக்ஸ்ட்' என்ற ஃபார்முலா இருக்கிறது. அதற்குள் விலை இருக்கும் செல்லைக் கொடுத்து, வடிவம் கேட்கும் இடத்தில் மேற்கோளுக்குள் மூன்று கேள்விக்குறி போடுங்கள்: "???". விலை 8 என்றால் முன்னால் இரண்டு வெற்றிடம் சேர்த்து மூன்று இடமாக்கித் தரும். 40 என்றால் ஒரு வெற்றிடம். 120 என்றால் அப்படியே. கேள்விக்குறிக்குப் பதில் "000" என்று கொடுத்தால் வெற்றிடத்துக்குப் பதில் பூஜ்யம் வரும். பத்திகளை & குறியால் கோத்து, நடுவில் மேற்கோளுக்குள் இரண்டு வெற்றிடம் வைத்துவிட்டால் வரி தயார். முதல் வரியில் எழுதி, கீழே இழுத்துவிட்டால் எல்லாக் காய்க்கும் வந்துவிடும்.

ஐந்தாவது நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். எல்லா வரிகளையும் ஒரே செல்லுக்குள் அடைக்காதீர்கள், அப்படிச் செய்தால் ஒட்டும்போது முன்னும் பின்னும் மேற்கோள்குறி ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியபின் இடைவெளி சுருங்கியிருந்தால் அதை நீக்கிவிட்டு, திரையை அழுத்திப் பிடித்து, வெறும் எழுத்தாக ஒட்டும் வசதியை எடுங்கள்.

மறுநாள் காலையில் இரண்டாவது நெடுவரிசையை நகலெடுத்து மூன்றாவதில் ஒட்டிவிட்டு, புது விலையை இரண்டாவதில் அடிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் புது விலையை அடித்துவிட்டால் நேற்றைய விலை போய்விடும்.

8. அனுப்பும் முன் சோதனை, அனுப்பியபின் 15 நிமிடம்

முதல் நாள் நேரே கடைகளுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு போனுக்கு அனுப்பி, அதில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டியலில் மிகச் சின்ன விலையும் மிகப் பெரிய விலையும் நீளமான பெயரும் இருக்கட்டும். அவை மூன்றும் சரியாக நின்றால் மற்றவையும் நிற்கும்.

அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பின் நீக்கத்தான் முடியும், திருத்த முடியாது. எனவே அனுப்பிய கையோடு போனைக் கீழே வைக்காமல், குறிப்பு நோட்டோடு ஒருமுறை வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். காலை 5.30-க்கு அனுப்பினால் 5.45-க்குள் இது முடிய வேண்டும். அதற்குப் பிறகு விலை மாறினால் பழையதை நீக்காதீர்கள், அதை ஏற்கெனவே பார்த்து ஆர்டர் சொல்லியிருப்பார்கள். "இரண்டாம் பட்டியல், காலை 7.00" என்று மேலே போட்டுப் புதிதாக அனுப்புங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் இது கட்டாயம் தேவைப்படும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகும். பட்டியல் வரவில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

9. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு

எஸ்டேட் பக்கம் சின்னக் கடைகளில் இன்னும் பட்டன் போன்தான். எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அங்கே மோனோஸ்பேஸ் கிடையாது, பேக்டிக் போட்டால் வெறும் குறியாக நிற்கும்.

இங்கே செலவுக் கணக்கு முக்கியம். எண்ணும் ஆங்கிலமும் மட்டும் உள்ள எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று கலந்தாலும் அது 70 ஆகிவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே கணக்கு இங்கேயும். ரூபாய்க் குறியோ பேக்டிக்கோ ஒன்று இருந்தாலும் இதே நிலைதான், 160 போய் 70.

எனவே பெயரே போடாதீர்கள். சுவரில் அட்டை இருக்கிறது. வரிக்கு வரி இப்படி அனுப்புங்கள்:

```
11-040-038
31-045-045
41-120-110
44-008-009
```

ஒரு வரிக்கு 10 எழுத்து, வரி மாற ஒன்று, ஆக 11. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 14 காய் அடங்கும். 'தக்காளி' என்ற பெயரைச் சேர்த்தால் வரிக்கு 19, ஒரு எஸ்எம்எஸ்ஸில் மூன்று காய்தான். பெரும்பாலான பிளான்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான் தருகிறார்கள். 28 காயை இரண்டு எஸ்எம்எஸ்ஸாக 40 கடைக்கு அனுப்பினால் 80, பிளானுக்குள் முடிந்துவிடும். பெயரோடு அனுப்பினால் பத்துக் கடையைத் தாண்டுவதே கஷ்டம்.

கடை பெருகியபின் பல்க் எஸ்எம்எஸ் எடுக்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அதற்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டிஎல்டி பதிவு, அதாவது மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் தொழில்களுக்கான பதிவு வேண்டும். பான் கார்டு, தொழில் பதிவுச் சான்று, கையொப்பமிட்ட அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். முன்பே பதிவுசெய்து ஒப்புதல் வாங்கிய வாசக அமைப்பில்தான் அனுப்ப முடியும். தினமும் நீளம் மாறும் விலைப்பட்டியலுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

10. பத்திகள் அதிகமானால்

போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விவரத்தை அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். எத்தனை லாட், வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று ஐந்து எண்கள். அளவு பெரிய எண், விலை நான்கு இலக்கம். ஒரே வரியில் போன் திரைக்குள் இது அடங்கவே அடங்காது.

எழுத்தைச் சுருக்கி அடக்க முயலாதீர்கள். இரண்டு வழி உண்டு. கடைக்காரருக்கும் விவசாயிக்கும் முதலில் வேண்டியது சராசரியும் அதிகபட்சமும்தான் என்றால் அந்த இரண்டை மட்டும் பத்தியாகப் போட்டு, மற்றதைக் கீழே சாதாரண வரியாக எழுதுங்கள். ஐந்தும் வேண்டும் என்றால் பத்தியே வேண்டாம், ஒவ்வொரு ஏலத்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். எண் முன்னால், விளக்கம் பின்னால் என்ற அதே முறைதான். ஒரே அகலத்தில் எண்கள் கீழே கீழே நிற்கும், நீளம் கூடினாலும் படிக்கச் சிரமம் இல்லை.

பஸ் நேரம் அனுப்புபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: 5.40 என்று எழுதாமல் 05.40 என்று எழுதுங்கள். மாலை நேரத்தை 17.40 என்று 24 மணிக் கணக்கில் போட்டால் 'காலை', 'மாலை' என்ற சொற்கள் பத்திக்கு நடுவே வராது. அது எல்லோருக்கும் பழக்கமில்லை என்று நினைத்தால் காலை பஸ்ஸையும் மாலை பஸ்ஸையும் இரண்டு தனிப் பட்டியலாக்கிவிடுங்கள்.

11. மெயில், டெலிகிராம், படம்

டெலிகிராமிலும் அதே மூன்று பேக்டிக்தான், வாட்ஸ்அப்பில் செய்ததை அப்படியே அனுப்பலாம். மெயிலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஷீட்டில் உள்ள பத்திகளை நேராக ஜிமெயிலில் ஒட்டினால் கட்டம் போட்ட அட்டவணையாகவே போகும். அங்கே பெயர் முதலில் வந்தாலும் பிரச்சினை இல்லை.

ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். கலையாது, உண்மைதான். ஆனால் மேலே லயம் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். எழுத்தாக அனுப்பியது சில நொடியில் சேரும். படம் மங்கலாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு விலையை நகலெடுத்து வேறொருவருக்கு அனுப்ப முடியாது. போன வாரம் சேனை என்ன விலை என்று பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கண் தெரியாதவர்கள் போனில் வாசித்துக் காட்டும் வசதியை வைத்துத்தான் செய்தி கேட்கிறார்கள், அதற்கும் படத்தைவிட எழுத்துதான் உதவும். மாதக் கடைசியில் கணக்கு ஒப்பிடும் பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் நான் பிடிஎஃப் அனுப்புகிறேன், அதுவும் முந்தைய நாள் மாலையிலேயே, வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ள வசதியாக.